வாடி போட்ட இடம்: கொக்கட்டிச்சோலை வட்டாரத்தில் குடும்பத்தோடு கூடாரமிட இடம் தெரிதல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்ற இந்தப் பழைய பிரிப்புத்தான் இங்கே கூடாரமிட வரும் குடும்பத்துக்கு முதல் வரைபடம். எழுவான்கரையில் கடற்கரை, நெடுஞ்சாலை, கடைத்தெரு, பெரிய வைத்தியசாலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் நிலம் ஒடுக்கம், சனம் நெருக்கம். படுவான்கரையில் வயலும் குளமும் காடும் விரிந்து கிடக்கின்றன. அமைதி உண்டு, யானையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. அதன் மிகக் கூடிய ஆழமே 4 மீற்றர்தான்.

கொக்கட்டிச்சோலை படுவான்கரையில், மட்டக்களப்பு நகரிலிருந்து 20 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகம் இங்கேதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை நகரத்திலிருந்து வருபவர்கள் மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்துக் கிடந்தார்கள், அல்லது வவுணதீவு வழியாகச் சுற்றி வந்தார்கள். பாலம் வந்தபின், காலையில் கடலிலும் இரவில் வயலோரத்திலுமாக ஒரு நாளைக் கழிப்பது சிறு பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கும் இயலக்கூடிய காரியமாகிவிட்டது.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மண்ணில் ‘முகாம்’ என்றால் படை முகாம், இல்லையேல் இடம்பெயர்ந்தோர் முகாம். ‘முகாம் போட வந்திருக்கிறோம்’ என்று ஊர்க்காரரிடம் பேச்சைத் தொடங்கும் குடும்பம் தேவையில்லாமல் புருவங்களை உயர்த்த வைக்கும். ‘கூடாரம் போட்டு ரெண்டு நாள் தங்கப் போறம்’ என்றால் எவருக்கும் விளங்கும்.

வெளியில் தங்குவது இங்கே புதிய பழக்கமும் அல்ல. வேளாண்மைக் காலத்தில் வயல் வட்டைக்குள் வாடி கட்டித் தங்குவது, யானைக் காவலுக்குப் பரண் போடுவது, மாட்டுப்பட்டியோடு மேய்ச்சல் தரையில் மாதக்கணக்கில் கிடப்பது ஆகியவை படுவான்கரையின் அன்றாடம். தாந்தாமலை முருகன் கோயில் திருவிழாவுக்கும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தேரோட்டத்துக்கும் குடும்பங்கள் அரிசி, சட்டி, பாயோடு வண்டி கட்டி வந்து மரநிழலில் நாட்கணக்கில் தங்கிய வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கதிர்காமப் பாதயாத்திரையில் போகிறவர்கள் உகந்தையைத் தாண்டிக் குமணக் காட்டுக்குள் இறங்கினால் மூன்று கல் அடுப்பும் விரித்த சாக்குமே வீடு. ஆகவே நல்ல இடம் எது என்ற கேள்விக்கு விடை தேடி வெளிநாட்டுக் கையேடு எதையும் புரட்ட வேண்டியதில்லை. வாடி எங்கே கட்டியிருக்கிறார்கள், எங்கே கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

காலம்

இடத்துக்கு முன்னே காலத்தைத் தெரிய வேண்டும். கிழக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றோடு வருகிறது. கொழும்பிலும் காலியிலும் மே, ஜூனில் மழை கொட்டும்போது இங்கே வெயில் காயும். தெற்கிலிருந்து வருபவர்கள் தங்கள் ஊர் மழையை வைத்துக் கணக்குப் போட்டு டிசம்பர் விடுமுறையில் கூடாரத்தோடு வந்து இறங்குவதே மிக அடிக்கடி நடக்கும் பிழை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும், 2011 ஜனவரியில் மாவட்டத்தையே மூழ்கடித்த வெள்ளமும் இந்தப் பருவத்தில்தான் வந்தன. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் குடும்பக் கூடாரத்துக்கு உகந்தவை அல்ல.

பெப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை சிறந்த காலம். நிலம் காய்ந்திருக்கும், குளம் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது. ஆனால் பெரும்போக அறுவடையும் அப்போதுதான். நெல் விளைந்த இடத்தைத் தேடி யானையும் வரும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைகளைக் கடலில் விட அதுவே ஏற்ற பருவம். அதற்கு விலை, கச்சான் காற்று. கச்சான் என்றால் வறுத்த கடலையை மட்டும் அறிந்த வெளியூரார், மேற்கிலிருந்து அனலாக வீசும் இந்தக் காற்றை ஒரு பகல் அனுபவித்தால் பெயரை மறக்கமாட்டார்கள். வெப்பம் 35 பாகையைத் தொடும். நைலோன் கூடாரம் பத்து மணிக்கே அடுப்பாகிவிடும். அந்த மாதங்களில் கூடாரம் இரவுக்கு மட்டும், பகலுக்கு மரநிழல் என்று பிரித்தே இடம் பார்க்க வேண்டும்.

நீர்

இந்த வட்டாரத்தில் ஒரு தங்கலை ஆக்குவதும் கெடுப்பதும் நீர்தான். எங்கே குடிநீர் கிடைக்கிறது, எங்கே வெள்ளம் தேங்குகிறது, நீருக்குள் என்ன கிடக்கிறது என்ற மூன்றையும் காட்சி அழகுக்கு முன்னே வைத்துப் பார்க்க வேண்டும்.

வாவி நீர் உவர். குடிக்கவும் சமைக்கவும் உதவாது. குளத்து நீர் நன்னீர் என்றாலும் மாடும் எருமையும் இறங்கும் நீர். வயல் மருந்தும் கலக்கும். எலிக்காய்ச்சல் பரவும் நிலமும் இதுவே. எஞ்சுவது கிணறு. வாவியோரக் கிணறுகள் சில கோடையில் உவர்ப்பேறும் என்பதால், ‘இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கலாமா?’ என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் வாளியை இறக்கக் கூடாது. அனர்த்த நிவாரணத் தங்குமிடங்களுக்கு உலகளவில் வைத்திருக்கும் குறைந்த அளவு, குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் எல்லாமாகச் சேர்த்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். ஐந்து பேர் இரண்டு நாள் தங்க 150 லீற்றர். வண்டியில் ஏற்றி வரக்கூடிய அளவல்ல இது. ஆகவே நடந்து போய்வரக்கூடிய தூரத்தில் நல்ல கிணறோ குழாயோ இல்லாத இடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட வேண்டியதுதான்.

மலசலகூடமும் நீரோடு சேர்ந்த விடயமே. கழிவுக்குழி கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு அப்பாலும், அதன் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலேயும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. வாவியோரத்தில் பல இடங்களில் சிறிது தோண்டினாலே நீர் சுரக்கும். அங்கே குழி வெட்டுவது ஊர்க் கிணற்றைக் கெடுப்பதற்குச் சமம். இந்த வட்டாரத்தில் காட்டுக்குள் ஒதுங்குவதும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பல்ல. கட்டிய மலசலகூடத்தைப் பாவிக்க விடும் வீடோ, கோயில் மடமோ, விடுதியோ பக்கத்தில் இருக்கிற இடமே குடும்பத்துக்கு இடம்.

அடுத்தது வெள்ளம். வாவி கடலோடு சேரும் இடங்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுப் பக்கம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் திரண்டு முகத்துவாரம் அடைபடும். மாரி தொடங்கி மேற்கிலிருந்து ஆறுகள் நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது, மணல் உடையும்வரை அல்லது வெட்டப்படும்வரை வாவி உயர்ந்துகொண்டே போகும். கரையோரப் பள்ளக்காணிகள் நீருக்குள் போகும். தட்டையான நிலத்தில் ஓர் அடி உயர்ந்தாலே நீர் வெகுதூரம் பரவும். மரத்தண்டில் சேறு காய்ந்த கோடும், வேலியில் சிக்கிய சருகும் கடந்த மாரியில் நீர் நின்ற மட்டத்தைக் காட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே கூடாரம் வேண்டாம்.

குளக்கட்டு பார்வைக்கு மயக்கும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் கட்டில் நின்றால் காற்றும் காட்சியும் வேறெங்கும் கிடைக்காது. பகல் பொழுதைக் கழிக்க அவை அருமையான இடங்கள். இரவு தங்க அல்ல. குளக்கட்டும் குளத்தின் உட்கரையும் யானை நடக்கும் வழி. வான்கதவு திறந்தால் கீழேயுள்ள வாய்க்காலில் நீர் சட்டென்று ஏறும். உன்னிச்சைக்கு இன்னொரு காரணமும் உண்டு: மட்டக்களப்பு மக்கள் குடிக்கும் குழாய்நீர் அந்தக் குளத்திலிருந்து போகிறது. அதன் கரையில் சவர்க்காரம் போட்டுத் துவைப்பதும் மிச்சச் சோற்றைக் கொட்டுவதும் ஒரு நகரத்தின் குடத்துக்குள் கொட்டுவதுதான்.

நீருக்குள்ளும் வயலுக்குள்ளும்

கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் முதலைக்குடா. ஊர்ப் பெயரே எச்சரிக்கைப் பலகையாக நிற்கும் இடத்தில் வேறு பலகையைத் தேட வேண்டியதில்லை. வாவியிலும் அதில் விழும் ஆறுகளிலும் உவர்நீர் முதலை உண்டு. உள்நாட்டுக் குளங்களில் அதைவிடச் சிறிய நன்னீர் முதலை உண்டு. இரண்டும் ஆளைத் தாக்கியிருக்கின்றன. முதலை காத்திருந்து பிடிக்கும் விலங்கு. ஒரே துறையில், ஒரே நேரத்தில், நாள்தோறும் குந்தியிருந்து சட்டி கழுவுபவரே அதற்கு எளிய இரை. மீன் கழுவிய நீரையும் குடலையும் கரையிலே விடுவது அதற்கு அழைப்பு. கூடாரம் நீர்க்கரையிலிருந்து குறைந்தது ஐம்பது அறுபது பாகமாவது தள்ளி இருக்கட்டும். பிள்ளைகளைக் குளிக்க வைப்பது கிணற்றடியில், வாளியால். ஊர்க்காரர் குளிக்கும் துறை என்பதால் மட்டும் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். எந்தத் துறையில் முள்வேலி அடைத்து மறிப்புப் போட்டிருக்கிறார்கள் என்பதே சரியான கேள்வி.

யானை இந்தப் பகுதியின் நிரந்தரச் சிக்கல். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களிலும் தாந்தாமலையைச் சூழ்ந்த ஊர்களிலும் யானை வீட்டை உடைப்பதும், ஆள் சாவதும், யானை சாவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. யானைக்கு நெல்லும் உப்பும் பழமும் தூரத்திலிருந்தே மணக்கும். சுவர் உடைத்து நெல் எடுக்கும் மிருகத்துக்குக் கூடாரத் துணி ஒரு தடையே அல்ல. வாழைக்குலை, பலாப்பழம், அரிசி மூட்டை ஆகியவற்றை ஆள் படுக்கும் இடத்தில் வைத்தல் ஆகாது. இடம் பார்க்கும்போதே கேட்க வேண்டியது, ‘இங்க ஆனை வருமா?’ அல்ல. அதற்கு ‘வரும், வராது’ என்று சிரித்துக்கொண்டே பதில் வரும். ‘கடைசியா ஆனை வந்தது எப்ப, எந்தப் பக்கத்தால?’ என்று கேட்டால் ஆள் கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை காட்டும் திசைக்கு மறுபுறம், ஊர் வீடுகளுக்கு நடுவே இருக்கும் காணிதான் தெரிவு. மின்வேலியை நெருங்கவும் அதில் உடுப்புக் காயப்போடவும் கூடாது. சில வயல்களில் சட்டத்துக்கு மாறாக வீட்டு மின்சாரத்தையே வேலிக்குக் கொடுத்திருப்பதால், தெரியாத வேலி எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்க்க வேண்டும்.

பாம்பில் அஞ்ச வேண்டியது புடையன். அறுவடைக்குப் பின் வைக்கோலுக்குள் எலியைத் தேடிக் கிடக்கும். வைக்கோல் மெத்தென்று இருக்கிறதென்று அதன்மேல் கூடாரம் விரிப்பவர் புடையன் படுக்கையில் பாய் போடுகிறார். வெறும் தரை, கூட்டிய தரை, புல் வெட்டிய தரையே நல்லது. இருட்டில் வெளிச்சமில்லாமல் நடக்கலாகாது. கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடித்த உறுப்பை அசையாமல் வைத்து நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நுளம்புக்கு வலை கட்டாமல் வாவியோரத்தில் ஓர் இரவு கழிக்க நினைப்பது வீண் வீரம். டெங்கு இந்த மாவட்டத்துக்குப் பழகிய நோய்.

இன்னொன்று. கண்ணிவெடி அகற்றல் முடிந்து 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் பற்றைக்குள் கிடக்கும் துருப்பிடித்த இரும்பை எடுத்து விளையாடாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்.

இடங்கள்

சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு முதல் தெரிவு, கொக்கட்டிச்சோலை, அரசடித்தீவு, மகிழடித்தீவு, முனைக்காடு போன்ற ஊர்களுக்குள் உள்ள வளவு. மேட்டு நிலம், கிணறு, வேலி, புளியோ வேம்போ தரும் நிழல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு. தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம். தேங்காய்க்குக் கண் இல்லை. வாவிக் காற்று பின்னேரத்தில் இங்கேயும் வரும். எருமைத் தயிர் சட்டியோடு காலையில் வாசலுக்கே வரும். கூடாரம் என்றால் காடுதான் என்று நினைப்பவருக்கு இது சப்பென்று இருக்கலாம். ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கியபின் அந்த எண்ணம் மாறும்.

தேரோட்ட நாட்களில் இதே ஊரின் கணக்கு வேறு. தான்தோன்றீச்சரம் மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களில் ஒன்று. சனம் கடலாக வரும். அமைதி தேடி வருபவர் அந்த நாட்களை விட்டுவிட வேண்டும். திருவிழாவுக்கென்றே வருபவர் முன்கூட்டியே ஒரு வளவைப் பேசி வைக்க வேண்டும். கோயிலைச் சுற்றிய காணிகளில் மச்சம் சமைப்பதும் குடிப்பதும் எந்த நாளிலும் கூடாது.

கடல் வேண்டுமென்றால் பாசிக்குடா. நகரிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவில் உள்ள இந்தக் குடாவில் வெகுதூரம் வரை இடுப்பளவு நீரே. பிள்ளைகளைக் கடலுக்குப் பழக்க இதைவிடச் சாந்தமான இடம் நாட்டில் அரிது. பக்கத்துக் கல்குடா அழகில் குறைந்ததல்ல; ஆனால் ஆழமும் இழுப்பும் கூட. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக் கல்குடாவில் பிள்ளையை இறக்குவது ஆபத்து. பாசிக்குடாவில் கரை முழுக்க விடுதிகள் வந்துவிட்டதால் கரையில் கூடாரமிட வெறும் இடம் அருமை; தோட்டத்தில் கூடாரம் போட விடும் சிறு தங்குமிடத்தைப் பேசிக்கொள்வதே வழி.

கல்லடியும் நாவலடியும் நகரத்துக்கு மிக நெருங்கிய கடற்கரைகள். பின்னேரக் காற்றுக்கு நகரமே அங்கே வரும். இரவு கூடாரத்துக்கு அவை பொருந்தா. நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய மணல்நாக்கு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் கடல் அதைத் துடைத்தெடுத்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்றைய அலையில் சாய்ந்தது. இரண்டு பக்கமும் நீருள்ள இடத்தில், இரவில், உறங்கும் பிள்ளைகளோடு வெளியேற வழி ஒன்றே ஒன்றுதான் என்பது போதிய காரணம். 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீட்டையும் அதைச் சூழ்ந்த கண்டல் காட்டையும் பகலில் தோணியில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

உண்மையான காட்டுத் தங்கலை நாடும் குடும்பம், பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியபின், கல்லோயா, மாதுறு ஓயா, குமண ஆகிய தேசிய பூங்காக்களைப் பார்க்கலாம். அங்கே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் குறித்துவைத்த இடங்களில் முன்பதிவு செய்தே தங்க முடியும். அவற்றுக்கு வெளியே, காட்டில் தன்னிச்சையாகத் தங்குவது சட்டப்படி குற்றம்.

அனுமதியும் வழியும்

படுவான்கரையில் வெறுங்காணி என்று ஒன்று இல்லை. வெறிதாகத் தெரியும் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் இருப்பார், வட்டைக்கு மேற்பார்வை பார்க்கும் வட்டவிதானை இருப்பார், பற்றைக்காடு வன இலாகாவின் பொறுப்பிலும் குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலும் இருக்கும். சொந்தக்காரரிடம் பேசியபின் கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு சொல் சொல்லிவைப்பது, இரவில் யாரோ வெளிச்சம் அடித்து விசாரிக்கும் சங்கடத்தைத் தவிர்க்கும். இடத்தை நேரில் பார்க்க ஏற்ற நேரம் நண்பகல். பின்னேரத்தில் எல்லா இடமும் அழகு. நிழல் எங்கே விழுகிறது, கிணற்றில் எவ்வளவு நீர், மாடு எந்த வழியால் போகிறது என்பதெல்லாம் உச்சி வெயிலில்தான் தெரியும்.

கச்சான் மாதங்களில் அடுப்பை வெட்டவெளியில் மூட்டக் கூடாது. பறக்கும் ஒரு பொறி காய்ந்த புல்லையும் அடுத்தவர் வைக்கோல் போரையும் கொளுத்திவிடும். சிறு குழி வெட்டிக் கல் அடுக்கி, ஒரு வாளி நீர் பக்கத்தில் வைத்துச் சமைப்பதே முறை. குப்பையைப் புதைத்தால் நாயும் பன்றியும் கிளறும். எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் ஊருக்கு. வந்த வண்டியிலேயே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, வெளியேறும் வழி. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் தங்குபவருக்கு மிக அருகே மகிழடித்தீவு வைத்தியசாலை. பெரிய சிகிச்சைக்கு மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. தெற்கே தங்குபவருக்குப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை. இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, யானை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கூடாரக் கம்பில் கட்டிவிட வேண்டும். பாதை ஓடும் துறையை நம்பி மறுகரை வைத்தியசாலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இரவில் பாதை ஓடாது.